அயிரையும் நானும் போட்ட விசைப்பலகைச் சண்டை

எங்கள் இணையக் குழுவில் யாருக்கும் யாருடைய முகமும் தெரியாது. தமிழில் தட்டச்சு செய்ய எது வசதி, எந்த எழுத்துரு அழகு, எந்தச் செயலியை நம்பலாம், எந்த இணையச் சேவை நம்மை ஏமாற்றுகிறது என்றெல்லாம் கலந்து பேசுவதற்காக யாரோ தொடங்கிய குழு அது. 'கலந்து பேச' என்றுதான் முகப்பில் எழுதியிருந்தது. நான் சேர்ந்த நாளிலிருந்து அங்கே யாரும் கலந்து பேசிப் பார்த்ததில்லை. சண்டைதான். அந்தச் சண்டையைப் போல என் வாழ்க்கையில் என்னைக் குஷிப்படுத்திய விஷயம் அதிகம் கிடையாது.

டவுணில் ரத வீதிப் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் எனக்கு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை தமிழில் தட்டச்சு செய்துகொண்டே இருப்பேன். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தாய்மாமன் பெயர், விட்டுப்போன சித்தப்பா பெயர், அவர் கோபித்துக்கொண்ட பிறகு அவருக்காக இன்னொரு வரி. ஒரு மதியம் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துரு பற்றி ஏதோ தேடப்போய், அந்தக் குழுவுக்குள் விழுந்தேன். யாரோ தப்பாக ஒன்று சொல்லியிருந்தார். திருத்தினேன். உடனே நாலைந்து பேர் என்னைத் திருத்த வந்தார்கள். அன்று சோறு ஆறிப்போனது. அதற்குப் பிறகு நான் அந்தக் குழுவை விட்டு வெளியே வரவேயில்லை.

சேரும்போது பெயர் கேட்டார்கள். பெண் பெயரைப் போட்டால், கேட்ட கேள்வியை விட்டுவிட்டுக் காலை வணக்கம் சொல்ல வந்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் ஒரே ஒரு புள்ளியை மட்டும் வைத்தேன். படம் எதுவும் வைக்கவில்லை. கோபத்தில் ஒருநாள் யாரிடமோ, "சும்மா கிடையும்வே" என்று எழுதிவிட்டேன். 'வே' போட்டுப் பேசுவது எங்கள் பக்கம் ஆண்பிள்ளைகள் தங்களுக்குள் பேசுகிற பேச்சு. அத்தோடு நான் 'புள்ளி அண்ணாச்சி' ஆகிவிட்டேன். மறுக்கத் தோன்றவில்லை. வீட்டில் மகளாகவும் மனைவியாகவும் கடையில் 'ஏம்மா'வாகவும் இருந்து அலுத்த எனக்கு, அண்ணாச்சியாக இருப்பது அல்வாத் துண்டை வாயில் போட்டதுபோல இருந்தது.

அந்தக் குழுவில்தான் அயிரையைச் சந்தித்தேன். அயிரை என்பது எங்கள் ஆற்றில் துள்ளுகிற, விரல் நீளம்கூட வளராத மீன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒருத்தர் எழுதிக்கொண்டிருந்தார். பெங்களூரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிற, கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற, தாடி வைத்த ஓர் இளைஞன் என்று நானாக முடிவு செய்திருந்தேன். அந்தத் தாடியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சண்டை தொடங்கியது ஒரு சாதாரணக் கேள்வியில். தமிழில் தட்டச்சு பழக எந்த விசைப்பலகை நல்லது என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார்.

"தமிழ்99 போடுங்க," என்று எழுதினேன். "உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. ஒரே மெய்யை ரெண்டு தடவை தட்டினா நடுவுல புள்ளி தானா விழும். ஒரு வாரத்துல கை பழகிடும்."

கீழே அயிரையின் பதில் வந்தது. "ஒரு வாரமா? சாப்பிட்டியான்னு அம்மாவுக்கு ஒரு வரி அனுப்ப ஒரு வாரம் பாடம் படிக்கணுமா அண்ணாச்சி? ஆங்கில எழுத்துல ஒலியை அடிச்சா தமிழ் வந்து நிக்கப்போவுது. அது எல்லாருக்கும் தெரிஞ்ச பலகைதானே."

"அம்மான்னு எழுதுததுக்கு ஆங்கிலத்துக்கிட்டப் போயி நிக்கணுமாவே?"

"நிக்கலவே. அதுமேல ஏறிப் போறேன். அது பாலம். பக்கத்துல பாலம் இருக்க, நீரு ஊரையே ஆத்துல நீந்தச் சொல்லுதீரு."

"பாலத்துல போறவனுக்கு ஆத்துத் தண்ணி ருசி தெரியாதுவே."

சிரிப்பு முகங்கள் வந்து குவிந்தன. கேள்வி கேட்ட புதியவர் நன்றிகூடச் சொல்லாமல் ஓடிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஓடவில்லை. அன்றிலிருந்து குழுவில் எந்தப் பேச்சு தொடங்கினாலும், அது கைபேசியின் மின்கலத்தைப் பற்றியதாக இருந்தாலும், மேகச் சேமிப்பைப் பற்றியதாக இருந்தாலும், கடைசியில் பாலத்துக்கும் ஆற்றுக்கும்தான் வந்து நிற்கும்.

குழுவில் வேறு ஆட்களும் உண்டு. எந்தச் செயலியின் பெயரைச் சொன்னாலும் "அதைத் தூக்கிப் போடுங்க, கட்டற்ற மென்பொருளுக்கு வாங்க, காசும் வேண்டாம், யாரும் திருத்திக்கலாம்" என்று சுவிசேஷம் சொல்லுகிறவர் ஒருவர். எந்தக் கோளாறைச் சொன்னாலும் "மொதல்ல அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாருங்க" என்று மட்டுமே பதில் எழுதுகிறவர் இன்னொருவர். அவர் மனைவியிடமும் அதையேதான் சொல்வாரோ என்று எனக்குச் சந்தேகம். இவர்களோடும் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அயிரையோடு போடும்போதுதான் காது வரை சூடேறும். பதில் வந்திருக்கிறதா என்று பார்க்கக் கை துறுதுறுக்கும். ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் நின்று தட்டிக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இணையத்தில் அவருக்கு அக்கறை கிடையாது. மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருளான காயில் எரிந்திருக்கிறதா, எரியவில்லையா, அவ்வளவுதான் அவருடைய உலகம். நான் கைபேசியைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"யாருகிட்டட்டி இப்படி மல்லுக்கு நிக்க?"

"ஒரு மீனுகிட்ட."

"யாரு செயிக்கா?"

"நான்தான்."

அதற்குப் பிறகு சாப்பிட உட்காரும்போதெல்லாம், "இன்னைக்கு மீனு என்ன சொல்லிச்சு?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை என் அம்மா போனில் பேசிக்கொண்டிருக்கும்போது இது அவள் காதில் விழுந்து, "ஏட்டி, வெள்ளியும் அதுவுமா வீட்டுல மீனா?" என்று ஒரு பாட்டம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அம்மா போன் செய்திருந்தது வேறு விஷயமாக. என் தம்பிக்கு ஏரல் என்ற ஊரில் ஒரு பெண் அமைந்திருந்தது. தம்பி ரயில் ஜங்ஷன் பக்கம் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறான். டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவன். ஆனால் தன் கையால் ஒரு வார்த்தை தட்ட மாட்டான். எல்லாமே குரல் செய்திதான். 'வந்துட்டேன்' என்று சொல்வதற்குக்கூட மூச்சு விட்டு, இருமி, பின்னணியில் டவுண் பஸ் போக, ஒரு நீளமான குரல் செய்தி அனுப்புவான்.

"பொண்ணு கம்ப்யூட்டர் வேல பாக்காளாம்," என்றாள் அம்மா. "அப்பாவுக்கு வாழைத் தோட்டம். ஞாயித்துக்கெழம காலைல போறோம். நீயும் ஒன் வீட்டுக்காரரும் வந்துருங்க. அங்கன வந்து வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரி."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் சிநேகிதருடைய காரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். செய்துங்கநல்லூர் தாண்டி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் போகிற பாதை. இரண்டு பக்கமும் வாழை. நடுநடுவே ஆறு எட்டிப் பார்த்தது. முன் இருக்கையில் தம்பி புதுச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். பின்னால் அம்மா மடியில் பூவும் பழமும் வைத்திருந்தாள். நான் கைபேசியில் இருந்தேன். அன்று காலை அயிரை, தமிழ்99 விசைப்பலகையை ஆதரிக்கிறவர்கள் எல்லாரும் பழைய தட்டச்சுப் பயிலக மாஸ்டர்கள் என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் ஒரு பலகாரத்தையும் விழுங்க முடியாது. நன்றாக நாலு வரி எழுதி அனுப்பினேன்.

பதில் சுருக்கமாக வந்தது. "அண்ணாச்சி, இன்னைக்கு எங்க வீட்டுக்கு விருந்தாளி வாராவ. நாளைக்கு வந்து உம்ம தோலை உரிக்கேன்."

"நல்ல காலம் உமக்கு," என்று எழுதினேன். "நானும் ஒரு வீட்டுக்குக் கேசரி திங்கப் போய்க்கிட்டுதான் இருக்கேன். நாளைக்குத் தெம்பா வாரேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் யார் வீட்டுக்குத்தான் விருந்தாளி வரவில்லை?

வீடு ஆற்றுப் பக்கமாக இருந்தது. பெண்ணின் அப்பா நல்ல உயரம். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவருடைய மனைவி, பெண்ணின் தாய்மாமன், பக்கத்து வீட்டு அம்மாள் என்று உள்ளே ஒரு சின்னக் கூட்டம். பஜ்ஜியும் கேசரியும் வந்தன. பிறகு பெண் காப்பித் தட்டோடு வந்தாள். தலை நிறையப் பிச்சிப்பூ. காப்பியைக் கொடுத்துவிட்டு எங்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். தலை நிமிரவில்லை. தம்பி காப்பி டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.  

பெண்ணின் அப்பாதான் பேச்சைத் தொடங்கினார். "மக இங்கன இ-சேவை மையத்துல இருக்கா. பட்டா, வருமானச் சான்று, முதியோர் பென்ஷன், எது கேட்டு வந்தாலும் இவதான் எழுதிப் போடுதா."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. தட்டச்சில் நம் ஜாதி. "தமிழ்ல நல்லா அடிப்பாளோ?" என்றேன். அம்மா என் தொடையில் ஒரு அழுத்து அழுத்தினாள். அதை நான் ஊக்கம் என்று எடுத்துக்கொண்டேன். "தமிழ்99தானம்மா?"

"இல்லக்கா," என்றாள் பெண், பாயைப் பார்த்துக்கொண்டே. குரல் பையத்தான் வந்தது. "இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழ் வரும்லா, அது."

எனக்குக் காது சூடேறியது. இங்கே கூடாது என்று தெரியும். தம்பியின் வாழ்க்கை. ஆனாலும் வாய் கேட்கவில்லை.

"அது எதுக்கும்மா? ஒரு வாரம் பழகினாப் போதுமே."

அவள் தலை நிமிர்ந்தது. "அந்த ஒரு வாரமும் எங்க மையத்துல வரிசைல நிக்கவங்க எங்க போவாங்கக்கா?"

"கை பழகிட்டா வரிசை தானாக் கரையும்லா."

"அதெப்படிக்கா? பக்கத்துல பாலம் இருக்க—"

"—ஊரையே ஆத்துல நீந்தச் சொல்லுதீரு," என்று முடித்தேன்.

எப்படி முடித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பல நாள் கேட்ட பாட்டின் அடுத்த வரி வாயில் வருமே, அப்படி வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கண் அகன்றுகொண்டே போனது. பாயில் முழங்காலை ஊன்றி எழுந்தாள்.

"ஓய்! புள்ளி அண்ணாச்சியாவே நீரு?"

"அயிரையாவே!" என்று நானும் கத்திவிட்டேன்.

 கல்யாணத்துக்கு நாங்கள் பார்க்க வந்திருக்கிற பெண், மாப்பிள்ளையின் அக்காவைப் பார்த்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆம்பிளையைக் கூப்பிடுவதுபோல 'ஓய்' என்றும் 'வே' என்றும் கூப்பிடுகிறாள். அவளுடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மாள் பஜ்ஜியைக் கடித்தபடியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, அது என்ன வே?" என்று என் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "யாரு அண்ணாச்சி? இங்கன எந்த அண்ணாச்சி?"

என் வீட்டுக்காரர் இதற்குள் விஷயத்தைப் பிடித்துவிட்டார். "அட, இதாட்டி அந்த மீனு?" என்று பெண்ணைக் காட்டிக் கேட்டுவிட்டு, கேசரி புரையேறும் அளவுக்குச் சிரிக்க ஆரம்பித்தார். பெண்ணின் தாய்மாமன் முகம் சிவந்து எழுந்தார்.

"எங்க பிள்ளையைப் பாத்து மீனுங்கியளே, என்ன அர்த்தத்துல சொல்லுதிய?"

நானும் அவளும் ஒரே நேரத்தில் விளக்க ஆரம்பித்தோம். குழு, புள்ளி, அயிரை, பாலம், ஆறு. இரண்டு குரலும் மோதி ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. நடுவில் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவள் தலைப் பூ என் மூக்கில் இடித்தது. "நான் உங்களை வழுக்கைத் தலையா நெனச்சிருந்தேன்," என்றாள். "ரிட்டயர் ஆனவரு, மஃப்ளர் கட்டிக்கிட்டு." "நான் ஒன்னைத் தாடியோட நெனச்சிருந்தேன்," என்றேன். அடுத்த நொடியே அவள், "காலைல பயிலக மாஸ்டர்னு சொன்னதுக்கு என்ன பதில் எழுதியிருந்திய, நான் சேலை கட்டுத அவசரத்துல சரியாப் பாக்கல," என்றாள். நான் சொன்னேன். அவள் மறுத்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மறுத்தாள்.

பெண்ணின் அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவாரோ என்று நான் பயந்த நேரத்தில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

"இவ்வளவு பேசுதிய. எது சீக்கிரம்னு இங்கனயே அடிச்சுக் காட்டுங்களேன். நான் சொல்லுதேன், ரெண்டு பேரும் போன்ல எழுதுங்க. எங்க வாய்க்கால் விஷயமா நான் எப்படியும் ஒண்ணு எழுதிப் போடணும்."

அதற்குமேல் யாரும் யாரையும் அடக்கவில்லை. தாய்மாமன்கூட உட்கார்ந்துவிட்டார். நாங்கள் கைபேசியோடு எதிரெதிராக அமர்ந்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்தில் பேசுவதுபோலச் சொன்னார். "வாய்க்கால்ல தண்ணி வரல. வாழையெல்லாம் வாடுது. மதகைத் தொறந்து விடுங்க."

என் விரல் பறந்தது. அவள் விரல் அதற்குமேல் பறந்தது. இரண்டு பேரும் ஒன்றாகத் தலை தூக்கி, ஒன்றாக "முடிஞ்சிட்டு" என்றோம். கைபேசிகளைப் பெண்ணின் அப்பா வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முதலில் மகளுடையது.

"வாளையெல்லாம் வாடுது." நிறுத்தினார். "வாளை மீன்லாம்மா? அது ஏன் வாடுது?"

ழ போட வேண்டிய இடத்தில் அவசரத்தில் ள விழுந்திருந்தது. நான் கையைத் தட்டி ஆர்ப்பரித்தேன். அவர் என்னுடையதைப் படித்தார். "மகதைத் திறந்து விடுங்க." மதகு, மகதாகியிருந்தது. இப்போது அவள் பாயில் குதித்தாள். "கை பழகினவங்களுக்கும் சறுக்கும்லா! நாளைக்கு இதைக் குழுவுல போடாம விட மாட்டேன்!"

அந்த நேரத்தில் என் தம்பி வாயைத் திறந்தான். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"நானும் எழுதிட்டேன்."

எல்லோரும் திரும்பினோம். நாங்கள் தட்டிக்கொண்டிருந்தபோது, இவன் கைபேசியை வாய்ப் பக்கம் பிடித்து, பெண்ணின் அப்பா சொன்னதை அப்படியே முணுமுணுத்திருக்கிறான். பேச்சை எழுத்தாக மாற்றுகிற வசதி. எங்களுக்கு முன்னாலேயே முடித்துவிட்டானாம். பெருமையோடு நீட்டினான். பெண்ணின் அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்.

"வாய்க்கு நல்ல தண்ணி வரலாம். வாழை இலை வாடகை. மதுரையைத் திறந்து விடுங்கள்."

கூடம் குலுங்கியது. தாய்மாமன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்தாள். எங்கள் ஊர்ப் பேச்சை அந்தக் கருவி அப்படித்தான் கேட்டிருக்கிறது. நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தோம். பழக ஆரம்பித்த நாளிலிருந்து முதல் முறையாக ஒரே அணியில் நின்றோம்.

"இதுக்குத்தாம்லே சொல்லுதேன், எழுதிப் பழகுன்னு," என்றேன் நான்.

"அர்த்தம் புரியுதுல்லா," என்றான் தம்பி.

அவள் நேராக அவனைப் பார்த்துக் கேட்டாள். "மதுரையைத் தொறந்து விட்டா எங்க வாழை எப்படி நனையும்?"

பெண் மாப்பிள்ளையிடம் பேசிய முதல் வாக்கியம் அது. தம்பியின் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்திராத ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. எதையும் யோசித்துப் பேசுகிறவன் அவன். அன்று யோசிக்கவில்லை.

"நீங்க பக்கத்துல இருந்து திருத்திக் குடுங்க," என்றான்.

"ஓஹோ!" என்றார் தாய்மாமன். அவள் முகம் சிவந்து, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிப்போனாள். என் அம்மா என்னை அடக்குவதை மறந்துவிட்டுப் பூவையும் பழத்தையும் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

பிறகு இரண்டு பேரையும் தனியாகப் பேச விட்டார்கள். வீட்டுப் பின்பக்கம், தோட்டத்து வாழை ஓரமாக நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று காரில் திரும்பும்போது தம்பியைக் குடைந்து எடுத்தேன். அவள் கேட்டது ஒரே கேள்விதானாம். "குரல் செய்தி எவ்வளவு நீளத்துக்கு அனுப்புவிய?" இவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். "பாதியாக் குறைச்சா எனக்குச் சம்மதம்," என்றாளாம்.

மறுநாள் காலை குழுவில் அயிரை எழுதினாள். "புள்ளி அண்ணாச்சி நேத்து என்னைப் பொண்ணு பாக்க எங்க வீட்டுக்குத்தான் வந்தாவ. அவுக அண்ணாச்சி இல்ல, எனக்கு வரப்போற மதினி." அவ்வளவுதான். அன்று முழுக்க யாரும் வேலை பார்த்ததாகத் தெரியவில்லை. நம்ப மறுத்தவர்கள் பாதிப் பேர். மிச்சம் பாதி, இத்தனை நாளும் இரண்டு பெண்கள் தங்களை 'வே' போட்டு வைதிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுத் திகைத்தவர்கள். கட்டற்ற மென்பொருள்காரர் ஒரு பெரிய வாழ்த்து எழுதி, அதன் முடிவிலும் மறக்காமல், பத்திரிகையையாவது கட்டற்ற மென்பொருளில் செய்யும்படி கேட்டுக்கொண்டார்.

பத்திரிகையை எங்கள் கடையில்தான் அடித்தோம். அயிரை தன் அப்பாவோடு ஏரலிலிருந்து பஸ் ஏறி வந்தாள். என் மேசையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மாப்பிள்ளை வீட்டு வரிகளை நான் என் பலகையில் அடித்தேன். பெண் வீட்டு வரிகளை அவள் தன் முறையில் அடித்தாள். ஒவ்வொரு வரி முடிவிலும் அவள் என் திரையையும் நான் அவள் திரையையும் எட்டிப் பார்த்து, பிழை கிடைக்காதா என்று ஏங்கினோம். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றத்தை அல்வா வாங்கித் தின்று தீர்த்துக்கொண்டோம்.

பத்திரிகையின் படத்தைக் குழுவிலும் போட்டோம். மரியாதைக்குத்தான். யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தோம். வந்தார்கள். ஏரல் மண்டபத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே, முன்பின் தெரியாத ஆட்கள் கும்பலாக நின்று ஒருவரையொருவர் உற்றுப் பார்த்து, "நீங்க அந்த எழுத்துரு ஆளுதானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டற்ற மென்பொருள்காரர் கடற்கரைக்காரர். துறைமுகத்தில் வேலை. மனைவி பிள்ளைகளோடு வந்து, கழுத்தில் சிலுவைச் சங்கிலி மின்ன, எல்லோரிடமும் கைகுலுக்கினார். குழுவில் அயிரை எழுதியதைச் சரியாகப் படிக்காமலே வாழ்த்தினாரோ, மறந்துவிட்டாரோ, என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளி அண்ணாச்சி! உங்க எழுத்துன்னா எனக்கு உசுரு."

என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. அந்த மனிதரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். "எல்லாம் உங்க அன்பு," என்றார். கடற்கரைக்காரர் ஆர்வம் தாங்காமல், தன் கணினியில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன, அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். இவர் கொஞ்ச நேரம் ஆழ்ந்து யோசித்தார்.

"மொதல்ல காயில் எரிஞ்சிருக்கான்னு பாருங்க."

நான் தூணுக்குப் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நாதஸ்வரம் நின்று, யாரோ வாழ்த்திப் பேச எழுந்த நேரத்தில் ஒலிபெருக்கி செத்துப்போனது. ஆளாளுக்கு வயரை ஆட்டிப் பார்த்தார்கள். அப்போது கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒல்லியான ஒருவர் எழுந்து, நிதானமாக மேடைக்குப் போய், பெட்டியை அணைத்துவிட்டு, ஒரு மூச்சு விட்டு, மறுபடி போட்டார். ஒலிபெருக்கி உயிர் பெற்று 'கீ' என்று கத்தியது. யாரென்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குழுக்காரர்கள் மொத்தமும் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். மணமேடையிலிருந்த அவளும் மாலையோடு எழுந்து கை தட்டினாள். ஐயர் அவளை மறுபடி உட்கார வைக்கக் கொஞ்சம் பாடுபட்டார்.

பந்தியிலும் சண்டை ஓயவில்லை. இலை போட்டு, பருப்பு விழுவதற்குள், எந்தக் குறுஞ்செய்திச் செயலி நம் ரகசியத்தைக் காக்கும் என்று இரண்டு வரிசைக்கும் நடுவே குரல்கள் பறந்தன. பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்று கேட்டுவிட்டுத் தங்கள் கருத்தையும் சொன்னார்கள். பாயசம் வந்தபோது சமாதானம் ஆகி, மோர் வந்தபோது மறுபடி மூண்டது.

கல்யாணத்துக்குப் பிறகு, வேண்டுதல் ஒன்றை முடிக்க நானும் அயிரையும் திருச்செந்தூருக்குப் போனோம். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. கடல் காற்று முந்தானையைப் பறக்கவிட, வெயிலில் நீண்ட தரிசன வரிசை. எங்களுக்கு முன்னால் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். வரைபடச் செயலி சொன்ன வழியில் வந்ததால்தான் நேரமாகிவிட்டது என்றான் ஒருவன். வழியில் நின்ற ஆட்டோக்காரரைக் கேட்டிருந்தால் இன்னும் நேரமாகியிருக்கும் என்றான் மற்றவன்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"தம்பி, ஆட்டோக்காரரைக் கேட்டிருக்கணும்," என்றேன் நான். "அவருக்கு எந்தத் தெருவுல கோயில் கொடைத் திருவிழா, எங்க பந்தல் போட்டிருக்குன்னு தெரியும்."

"மதினி, அவரு சவாரி கெடைக்கும்னு சுத்தி விட்டுட்டா?" என்றாள் அவள். "வரைபடத்துக்கு அந்த ஆசை கிடையாதுல்லா?"

"கோயில் கொடை நடக்குதது வரைபடத்துக்கு எப்படித் தெரியும்?"

"ஆயிரம் பேரு போன் அங்கன நகராம நிக்கதை வச்சுத் தெரியும் மதினி."

பையன்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பின்னால் நின்ற மொட்டை போட்ட ஒரு பெரியவர் ஆட்டோக்காரர் கட்சி. அவருடைய மருமகள் வரைபடக் கட்சி. பால்குடம் எடுத்துவந்த ஓர் அம்மாள் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு, இரண்டுமே வேண்டாம், பஸ்ஸில் வந்தால் எந்தச் சங்கடமும் இல்லை என்று புதுக் கட்சி தொடங்கினார். அயிரை கையை ஆட்டி ஆட்டிப் பேசியதில் அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழம் உருண்டு யார் காலடியிலோ போனது. நான் குனிந்து எடுப்பதற்குள் என் வாதத்துக்கு ஒரு பலமான உதாரணம் தோன்றிவிட்டதால் நிமிர்ந்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தபோது எங்களுக்கு முன்னால் வரிசை இல்லை. அது நகர்ந்து, மண்டபத்தின் வளைவில் திரும்பிப் போய்விட்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு, ஆற்று நீர் பாறையைச் சுற்றிப் போவதுபோலப் போய்க்கொண்டிருந்தார்கள். காவலுக்கு நின்றவர் கையைக் காட்டினார்.

"பேசி முடிச்சிட்டியளா? முடிச்சிட்டியன்னா கடைசில போயி நில்லுங்க."

பால்குடத்து அம்மாளை மட்டும் உள்ளே விட்டார்கள். நாங்கள் மற்ற எல்லோரும், பையன்கள், மொட்டைப் பெரியவர், அவர் மருமகள், சிரித்துக்கொண்டே வரிசையின் வாலைத் தேடி வெயிலில் நடந்தோம். நடக்கும்போதே அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"மதினி, ஒண்ணு சொல்லவா? ஆட்டோக்காரரு விஷயத்துல நீங்க சொன்னது கொஞ்சம் சரிதான்."

"வரைபடமும் மோசமில்லட்டி," என்றேன்.

அவள் சட்டென்று நின்றாள். "அப்படின்னா இவ்வளவு நேரம் எதுக்குவே சண்ட போட்டீரு?"

முன்னால் போன மொட்டைப் பெரியவர் திரும்பி, இந்த இரண்டு பெண்களில் யார் 'வே' என்று ஒரு நிமிடம் தேடிப் பார்த்தார்.